அட்மின் அக்கா, பஸ் வருமா?

வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினா இருக்கிறதும் தோட்டத்துல கங்காணியா இருக்கிறதும் ஒரே வேலைதான்; மேல உள்ளவங்களும் ஏசுவாங்க, கீழ உள்ளவங்களும் ஏசுவாங்க, என்ன, கங்காணிக்குச் சம்பளம் உண்டு. இத வாசிக்கிற ஒங்கள்ல யாராவது கோயில் திருவிழாக் குரூப்புக்கோ, பழைய மாணவர் குரூப்புக்கோ, சொந்தக்காரங்க குரூப்புக்கோ அட்மினா இருந்தா, ஒரு பிளேன்டீய ஊத்திக்கிட்டு வந்து ஒக்காருங்க. நம்ம வலி நமக்குத்தான் தெரியும்.

என் பேரு சாந்தி. தலவாக்கலை டவுன்ல பாரூக் நானாவோட கொமினிகேஷன் கடையில வேலை செய்றேன். போட்டோக்கொப்பி, போனுக்கு ரீலோட், விண்ணப்பம் நிரப்புறது எல்லாம் நான்தான். வீடு பூண்டுலோயா ரோட்டுல ஒரு தேயிலைத் தோட்டத்துல. ஒரு மழைக்காலத்துல பாதி வழியில மண்ணு சரிஞ்சு காலை பஸ் திரும்பிப் போயிருச்சு. அது தெரியாம பள்ளிக்கூடப் புள்ளைங்களோட சேர்ந்து நாங்க எல்லாரும் ரோட்டோரத்துல தொப்பையா நனைஞ்சுக்கிட்டு நின்னோம். அன்னைக்கே கண்டக்டர் சமனோட நம்பர வாங்கி, "பூண்டுலோயா ரோட்டு பஸ் செய்தி"ன்னு ஒரு குரூப்ப ஆரம்பிச்சேன். பஸ் வருமா, ரோடு தொறந்திருக்கா, மண்சரிவு எச்சரிக்கை ஏதும் வந்திருக்கா, இவ்வளவுதான் அதுல இருக்கணும். மலை சரியிற பக்கத்துல வரிசை வீடுங்களா இருக்கிற லயத்துல குடியிருக்கிற சனத்துக்கு அந்த ஒரு வரி நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னா உசுருக்கே மோசம். அது போய்ச் சேருதா இல்லையாங்கிறதுதான் என்னோட ஒரே கவலை. சேர விடாம பண்றதுதான் மத்த எல்லாரோட வேலையும்.

பஸ்ஸை மறைச்ச ரோசாப்பூ

மொத வாரமே ஆரம்பிச்சுட்டாங்க. விடியக்காலையில சமன் குரல்ல ஒரு சேதி போடுவான்: "அக்கே, பார வஹலா." சிங்களத்துல ரோடு மூடியிருக்குன்னு அர்த்தம். அது வந்து ரெண்டு நிமிசத்துல ஒரு ரோசாப்பூ வரும், மேல "இனிய காலை வணக்கம்". பின்னாலயே முருகன் வருவார், ஆவி பறக்கிற தேத்தண்ணிக் கோப்பை வரும், யாருன்னே தெரியாத ஒரு குழந்தை சிரிக்கும். சமனோட சேதிய விரலால தள்ளித் தள்ளித் தேடணும். அப்படித் தேடிப் பார்க்காம போயி ஒரு டீச்சரம்மா ரெண்டு மணி நேரம் ரோட்டுல நின்னுட்டு, நேரா கடைக்கு வந்து என்னைத்தான் ஏசினாங்க.

அதனால மொத ரூலப் போட்டேன். பஸ் போன பொறகுதான் வணக்கம், பூ, சாமி எல்லாம். சரின்னு எல்லாரும் கட்டை விரலத் தூக்கிக் காட்டினாங்க. நாலாம் நாள் மாணிக்கம் அண்ணன் கடைப் படியேறி வந்தாரு. தபால்காரரா இருந்து ஓய்வெடுத்தவரு, எந்த லயத்துல எத்தனை காம்பரா வீடு, எந்தக் காம்பராவுல யாரு இருக்காங்கன்னு விரல் நுனியில வச்சிருப்பாரு. மொகம் வாடிப் போயிருந்துச்சு. ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல.

"நான் காலையில பூப் போடலேன்னா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு கொழும்புல இருக்கிற மவ பயந்து போன்ல கோல் எடுக்கிறா, புள்ள. நீ ரூல் போட்டதுலருந்து மூணு நாளா நான் உசுரோட இருக்கேன்னு அவளுக்கு வெளக்கிக்கிட்டு இருக்கேன்."

பட்டிப்பொலக்காரர் தோத்த கதை

குளிர் எங்க கூடுதல், நுவரெலியாவுலயா பட்டிப்பொலயிலயா? இந்தக் கேள்விய யாரு ஆரம்பிச்சாங்கன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. பூண்டுலோயா ரோட்டு பஸ்ஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன், யாரும் காதுல போட்டுக்கல. ரெண்டு நாளா அதே பேச்சு. நுவரெலியாவுல வேலை செய்ற ஒருத்தர், வெளிய காயப் போட்ட சட்டை அட்டை மாதிரி நிமிர்ந்து நின்னுச்சுன்னாரு. இன்னொருத்தர் தேங்காயெண்ணெய்ப் போத்தல அடுப்புக்கிட்ட கொண்டு போனாத்தான் தலைக்கு எண்ணெய்ங்கிறாரு. நுவரெலியாவுக்கு ஒரு முறை கூடப் போகாதவங்கதான் ரொம்ப அடிச்சுப் பேசினாங்க.

பட்டிப்பொல கட்சிக்கு ஒரே ஒரு ஆளுதான், எங்க தோட்டத்துல பொறந்து அங்க பொண்ணு கட்டிப் போனவரு. ஊர விட்டாலும் குரூப்ப விடல. அவரு ரெண்டு நாளும் வாயே தொறக்கல. நுவரெலியாவே ஜெயிச்சதா எல்லாரும் கைதட்டிக் கலைஞ்ச பொறகு, மூணாம் நாள் மத்தியானம் வெயில் வந்தோடன அவரோட பதில் வந்துச்சு.

"ரெண்டு நாளா வெரல் வெறச்சுப் போயி எழுத முடியல, அதனாலதான் நாங்க தோத்தோம். இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

நானாவுக்குக் கருத்து இல்ல

பிளேன்டீக்குச் சீனியக் கலக்கிக் குடிக்கிறதா, உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிக்கிறதா? இது அடுத்த சண்டை. கலக்கிக் குடிக்கிறவன் நாக்குக்கு ருசி தெரியாதவன்னு ஒரு கட்சி. நக்கிக் குடிக்கிறவன் விருந்தாளி வீட்டுல எப்படிக் குடிப்பான்னு மறு கட்சி. எனக்கும் ஒரு கருத்து உண்டு, சொன்னா நீங்களும் சண்டைக்கு வருவீங்க. தீர்ப்பு சொல்ல பாரூக் நானாவ இழுத்து விட்டாங்க. அவரு காலையில கலக்குறவங்களுக்குக் கட்டை விரலக் காட்டினாரு, பின்னேரம் நக்குறவங்களுக்குக் கட்டை விரலக் காட்டினாரு.

"என்ன நானா இது, ரெண்டு பக்கமும் தலையாட்டுறீங்க?"ன்னு கேட்டேன். அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு நிதானமாச் சொன்னாரு.

"ரெண்டு கட்சியும் நம்மட கடைக்குத்தான் ரீலோட் போட வருது, தங்கச்சி. யாவாரிக்கு என்னத்துக்குக் கருத்து?"

ராணிக்கு எத்தனை மனசு

மேல் லயத்து ராணி கொழுந்து எடுக்கிற புள்ள. மலை உச்சியில இருக்கிற பழைய லயம் அது. எப்பவாவது கடைக்கு வந்தா தலை நிமிராது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். நான்தான் அது நம்பர குரூப்புல சேர்த்தேன். குரூப்புல வந்தா வேற ஆளு. காலையில "சீனியக் கலக்கினா அது தேத்தண்ணியே இல்ல"ன்னு எழுதும். மத்தியானம் அதே நம்பர்ல இருந்து "உள்ளங்கைய நக்குறவங்க எல்லாம் மனுசங்களா?"ன்னு வரும். பின்னேரம் தான் எழுதினதுக்கே பதில் போடும்: "இத எழுதினவ வாயக் கழுவணும்." தன்னோட தானே சண்டை புடிச்சுக்கிற ஆள நான் அதுலதான் மொத மொதல்ல பார்த்தேன். சரி, மலையில வேலை, களைப்பு, ஏதோ ஒரு மாதிரி ஆயிருச்சு போலன்னு விட்டுட்டேன்.

பொறகு ஒரு நாள் நான் எழுதச் சோம்பல் பட்டுக் குரல்லயே பஸ் சேதி போட்டேன். என் குரல் கொஞ்சம் கட்டையானது. பள்ளிக்கூடத்துல கோஷ்டிப் பாட்டுக்குச் சேர்த்துட்டு, நீ வாயை மட்டும் அசைன்னு சொல்லி நிறுத்தின குரல். ராணி நம்பர்ல இருந்து ஒடனே வந்துச்சு: "அட்மின் அக்கா குரலக் கேட்டா வர்ற பஸ்ஸும் ரிவர்ஸ்ல போயிரும்." சிரிப்புப் பொம்மை மழையாக் கொட்டுச்சு. மாணிக்கம் அண்ணன் கூட ஒண்ணு போட்டிருந்தாரு.

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வெக்கமாவும் இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "குரூப்புல சண்டை மூட்டுறாங்க"ன்னு ஒரு காரணத்த எழுதிப்புட்டு ராணிய நீக்கிட்டேன். காரணம் அது இல்லன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். மறுநாள் பஸ்ல டிக்கட் கிழிக்கிறப்ப சமன் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கே, கோவம் வேணாம். பஸ் ரிவர்ஸ் இல்ல. ஆனா ஜோக் நல்லம் தானே."

நான் போட்ட ரூலு

கோவம் ஒரு ஆளோட நிக்கல. அந்த வாரமே பெரிய எழுத்துல போட்டேன்: இனிமே பஸ், ரோடு, மழை மட்டும். வம்பு, பகிடி, கருத்து ஒண்ணும் வேணாம். மீறினா நீக்கப்படும். குரூப்பு கப்சிப்புன்னு ஆயிருச்சு. நான் சேதி போடுவேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆகா, இப்பதான் உருப்பட்டுச்சுன்னு நெனச்சேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல ஆளுங்க வரிசையா நிக்கிற மாதிரி சேதிங்க அழகா நின்னுச்சு.

ரெண்டு வாரத்துல மறுபடி ஆளுங்க பஸ் இல்லாத நாள்ல ரோட்டுல நிக்க ஆரம்பிச்சாங்க. நான் போட்டது போட்டபடி இருக்கு, பார்க்கத்தான் ஆளில்ல. பாதிப் பேரு குரூப்ப மியூட்டுல போட்டுட்டாங்களாம். மொத வாரம் என்னை ஏசின அதே டீச்சரம்மா போட்டோக்கொப்பி எடுக்க வந்தாங்க, அவங்ககிட்டயே கேட்டேன்.

"முந்தி சிரிக்கிறதுக்குத் தொறப்போம் சாந்தி, போற போக்குல பஸ்ஸையும் பார்த்துக்குவோம். பஸ்ஸுக்குன்னு மட்டும் அத யாரு தொறக்கிறது?"

தொங்கல் காம்பரா ஜன்னல்

அந்த ரூலு இருக்கும்போதே மழை புடிச்சுக்கிச்சு. மூணு நாள் விடாத மழை. மூணாம் நாள் ஞாயித்துக்கிழமை, தோட்டத்து ஒப்பீஸ் பூட்டு. மத்தியானம் கிராம சேவகர் கடைக்குக் கோல் எடுத்தாரு. சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு, மேல் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு, அங்க உள்ள எல்லாரும் நாலு மணிக்குள்ள எறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துரணும், தன்னால தண்ணியத் தாண்டி மேல போக முடியல, குரூப்புல போடுங்கன்னாரு. போட்டேன். போட்ட பொறகுதான் மேல் லயத்துல யாரெல்லாம் குரூப்புல இருக்காங்கன்னு தேடினேன். ஒருத்தரும் இல்ல.

மாணிக்கம் அண்ணன் மழைக்கு ஒதுங்கிக் கடையிலதான் நின்னாரு. பன்னெண்டு குடும்பம் இருக்கிற லயத்துல எப்படி அண்ணே ஒரு நம்பர் கூட இல்லன்னு கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. அங்க சிக்னல் புடிக்கிறதே கடைசியில இருக்கிற தொங்கல் காம்பரா ஜன்னல்ல மட்டும்தானாம். ராணியோட போன ஒரு ஷொப்பிங் பையில போட்டு அந்த ஜன்னல் கம்பியில தொங்க விட்டிருக்காங்களாம். வேலைக்குப் போறவங்க, வர்றவங்க, சமைக்கிறவங்க எல்லாரும் அதுலதான் குரூப்பப் பார்க்கிறது, அதுலதான் எழுதுறது. சீனியக் கலக்கினது ஒருத்தங்க, நக்கினது ஒருத்தங்க, வாயக் கழுவச் சொன்னது இன்னொருத்தங்க. மாணிக்கம் அண்ணன் கடைசியா இன்னொண்ணும் சொன்னாரு.

"நீ ஒரு ஆள நீக்கல புள்ள, ஒரு லயத்தையே நீக்கிட்ட."

நடு ரோட்டுல ஒரு பொய்

ராணி நம்பரத் திரும்பச் சேர்த்து எச்சரிக்கைய மறுபடி போட்டேன். ஒத்த டிக் விழுந்துச்சு, ரெண்டாவது விழவே இல்ல. காலையிலருந்து கரண்ட் இல்ல, போன் செத்திருக்கும். கடைய அப்படியே போட்டுட்டு பாரூக் நானாவோட த்ரீவீலர்ல கெளம்பினோம். ரெண்டாவது வளைவுல ரோட்டு மேல மண்ணும் மரமும். கீழ் லயத்துல இருந்து மேல் லயத்துக்கு ஒரு படிக்கட்டுப் பாதை உண்டு, அங்க யாராவது ஏறிப் போனாப் போதும். கீழ் லயத்துல குரூப்புல உள்ளவங்க நெறையப் பேரு. கோல் எடுத்தேன், ஒருத்தரும் தூக்கல. சேதிய யாரு பார்த்திருக்காங்கன்னு தொட்டுப் பார்த்தேன். ஏழு பேரு. ஏழும் கொழும்புல கடைகள்ல வேலை செய்ற எங்க ஊருப் புள்ளைங்க. மணி ரெண்டரை.

நானா வண்டிய நிறுத்திட்டு, "எச்சரிக்கைன்னு போட்டா எவனும் தொறக்க மாட்டான் தங்கச்சி, வம்புன்னு போடு"ன்னாரு. எனக்கு முப்பத்தொம்பது வயசு. கல்யாணம் கட்டல. அது என்னைவிட ஊருக்குத்தான் பெரிய கவலை, கோயில்ல எனக்காக நேந்துக்கிட்டவங்க கூட இருக்காங்க. அந்தக் கவலைய நெனச்சுக்கிட்டு எழுதினேன்: "அட்மின் அக்காவுக்கு மாப்பிள்ளை சரி வந்தாச்சு. பேரு, ஊரு, போட்டோ கீழே." கீழே போட்டோவுக்குப் பதிலா எச்சரிக்கை. கீழ் லயத்துல யாராவது இப்பவே மேல ஏறிப் போய்ச் சொல்லுங்கன்னு ஒரு வரி.

கொழும்புல இருந்த ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஊருக்குக் கோல் எடுத்திருக்காங்க. சாந்தி அக்காவுக்குக் கல்யாணமாம், குரூப்பத் தொறந்து பாருங்கன்னு. என் கோலத் தூக்காதவங்க பெத்த புள்ளைங்க கோலத் தூக்கினாங்க. அஞ்சே நிமிசத்துல குரூப்பு திருவிழா மாதிரி ஆயிருச்சு. வாழ்த்து, பூ, மாலை, யாரு மாப்பிள்ளை, எந்த ஊரு. என் கண்ணு அதையெல்லாம் பார்க்கல. கீழ் லயத்து புஷ்பம் அக்காவோட குரல் ஒண்ணு வந்துச்சு. மூச்சு வாங்குது, பின்னால மழை இரையுது.

"சாந்தி, நான் படியில ஏறிக்கிட்டு இருக்கேன், மேல போயிச் சொல்லிர்றேன். அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு மட்டும் போட்டு வை."

பள்ளிக்கூடத்து மண்டபம்

நாலரைக்கெல்லாம் பன்னெண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துட்டதா கிராம சேவகர் சொன்னாரு. திங்கக்கிழமை காலையில மேல் லயத்துக்குப் பின்னால இருந்த மண்மேடு எறங்கி மூணு காம்பராவோட குசினிய அடுப்பும் சட்டியுமா வழிச்சுக்கிட்டுப் போச்சு. உள்ள ஒரு சீவன் இல்ல. அதக் கேட்டு நான் கடையில ஒக்காந்து வாய் விட்டு அழுதேன், நானா ஷட்டரப் பாதி எறக்கி விட்டாரு. பொறகு அவரு எடுத்துக் குடுத்த பேக்கரிப் பாணையும் பருப்பையும் தூக்கிக்கிட்டு, மண்ண ஒதுக்கின வழியா பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மண்டபத்துல பாய் போட்டு எல்லாரும் இருந்தாங்க. ராணியக் கண்டதும் கையப் புடிச்சுக்கிட்டு, ஒன்ன நீக்கினது நான்தான், என் கோவத்துலதான் நீக்கினேன், அதனால ஒங்க எல்லாருக்கும் ஆபத்தா முடிஞ்சிருக்கும், என்னை மன்னிச்சுக்கன்னு சொன்னேன். மாப்பிள்ளை கதை பொய்ன்னும் சொல்லிட்டேன். ராணி தலைய நிமிர்த்தாம, "நான் ஒங்க குரலப் பத்தி ஒண்ணுமே எழுதலக்கா"ன்னுச்சு. பக்கத்துல இருந்த ராணியோட மாமியா ரொட்டி திங்கிற மாதிரி நிதானமா பாணப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, "நான்தான் எழுதினேன்"ன்னாங்க. மன்னிப்புக் கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"மலை எறங்குது, எறங்குதுன்னு வருசா வருசம் சொல்றாங்க புள்ள, அதுக்கெல்லாம் நாங்க எறங்கினதே இல்ல. ஒனக்கு மாப்பிள்ளைன்னு புஷ்பம் வந்து சொன்னப்பதான், அடுப்புல கெடந்த ரொட்டியக்கூட எடுக்காம, கதையக் கேக்கணும்னு எல்லாரும் எறங்கினோம். இப்ப நீ மாப்பிள்ளையே இல்லங்கிற. அங்க குசினியும் போச்சு, இங்க கல்யாணச் சோறும் போச்சு."

ஆக, சக அட்மின்மாரே, ஒரு குரூப்ப நடத்துறதுக்கு ரூலு போடத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ஊரு சிரிக்கிறதுக்கு அப்பப்ப நம்ம தலையக் குடுக்கத் தெரிஞ்சாப் போதும்.